மினிடிவி கேசட்டைக் கணினியில் ஏற்ற எந்த போர்ட், எந்தக் கேபிள்?

கேசட்டுப்பெட்டி:

2004-இல் வாங்கிய மினிடிவி கேம்கார்டர் ஒன்று, 60 நிமிடக் கேசட்டுகள் 22. கேமரா நன்றாக ஓடுகிறது, அதன் திரையில் படமும் சத்தமும் வருகின்றன. ரப்பர் மூடிக்குள் இரண்டு போர்ட்: ஒன்று மினி யுஎஸ்பி, மற்றது ‘டிவி இன்/அவுட்’ என்று எழுதிய குட்டி போர்ட். யுஎஸ்பியில் மாட்டினால் மெமரி கார்டில் உள்ள போட்டோக்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு முனை குட்டி போர்ட்டுக்கும் மறுமுனை யுஎஸ்பிக்கும் பொருந்தும் கேபிள் ஆன்லைனில் கிடைத்தது. மாட்டினால் விண்டோஸ் 10-இல் ஒரு அசைவும் இல்லை. கேபிள் கோளாறா, டிரைவர் கோளாறா? பேசாமல் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி கேபிளிலேயே எடுத்துவிடலாமா? டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டும் இருக்கின்றன.

நாடாச்சுருள்:

முதல் வேலையாக அந்தக் கேபிளைக் கழற்றி ஓரமாகப் போடுங்கள். அது எந்த டிரைவர் போட்டாலும் வேலை செய்யாது. அந்தக் குட்டி போர்ட் ஃபயர்வயர். 1995-இல் ஐஇஇஇ 1394 என்ற பெயரில் தரநிலையானது, சோனி அதையே ஐ.லிங்க் என்று விற்றது. (போர்ட்டில் எழுதியிருக்கும் டிவி தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ.) ஃபயர்வயரும் யுஎஸ்பியும் பேசும் மொழியே வேறு. முனையை மட்டும் மாற்றி ஒட்டிய கம்பி மொழிபெயர்க்காது. உங்கள் கேமராவில் உள்ள நான்கு முனை (4 பின்) ஐ.லிங்கில் மின்சாரக் கம்பியே கிடையாது, நான்கும் சிக்னல். யுஎஸ்பியிலோ ஒரு கம்பியில் 5 வோல்ட் வருகிறது. உள்ளே எதை எதோடு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த 5 வோல்ட் நேராகக் கேமராவின் சிப்புக்குள் போகும். நல்லவேளை, கேமரா இன்னும் ஓடுகிறது.

யுஎஸ்பி போர்ட் இருந்தும் வீடியோ வராததற்குக் காரணம் கணக்குதான். டிவி வீடியோ மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஒலியும் மற்றவையும் சேர்த்தால் ஏறக்குறைய 29, அதாவது நொடிக்கு 3.6 மெகாபைட். பழைய யுஎஸ்பி 1.1-இன் உச்சமே 12 மெகாபிட். அதனால் அந்த போர்ட்டைப் போட்டோவுக்கும், சில மாடல்களில் சின்ன அளவு வீடியோவுக்கும் மட்டும் வைத்தார்கள். பிறகு வந்த யுஎஸ்பி 2.0-இல் முழு டிவி வீடியோவை அனுப்பிய கேமராக்கள் சில உண்டு. உங்களுடையதில் மெனுவில் அப்படி ஒரு வழி இல்லையென்றால் இல்லைதான்.

டெஸ்க்டாப்தான் சுலபம். மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஃபயர்வயர் கார்டு ஒன்று, ஆறு முனையிலிருந்து நான்கு முனைக்குப் போகும் கேபிள் ஒன்று (4.5 மீட்டருக்கு மேல் வேண்டாம்). கார்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் இருந்தால் தலைவலி குறைவு. வியா சிப்பும் ஓடும். கார்டில் தனியாக பவர் கனெக்டர் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், இந்தக் கேமராவுக்கு அது தேவையில்லை.

விண்டோஸ் 8-இலிருந்து பழைய 1394 டிரைவரை எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘1394 ஓஹெச்சிஐ லெகசி’ டிரைவர் தனியாகக் கிடைக்கும். அதை நிறுவியபின் டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரை ரைட் கிளிக் செய்து, டிரைவர் அப்டேட், பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன் என்று போய், பெயரின் முடிவில் லெகசி என்றிருப்பதை எடுங்கள். விண்டோஸோடு வரும் புதிய டிரைவரில் கேமரா தெரிந்தாலும் பதிவின் நடுவில் அறுந்துபோவது சகஜம்.

கேபிள் மாட்டும்போது கேமரா ஆஃப். மாட்டியபின் ஆன் செய்து, பிளே அல்லது விசிஆர் நிலைக்கு மாற்றுங்கள். கேமரா நிலையில் வைத்தால் லென்ஸ் பார்ப்பதுதான் வரும். ஆறு முனையைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கார்டின் மின்சாரம் சிக்னல் முனைகளுக்குப் போய்விடும். ஐ.லிங்க் போர்ட் செத்த கேமராக்களில் பல இப்படிச் செத்தவைதான்.

பதிவுக்கு விண்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு சுமார் 13 ஜிபி. 22 கேசட்டுக்கு 286. 500 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏவி கேபிள் கடைசி வழி. கேசட்டில் இருப்பது டிஜிட்டல்; அதை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்கினால் படம் மங்கும், ஒவ்வொரு ஷாட்டோடும் பதிந்திருக்கும் தேதி, நேரத் தகவலும் கோப்பில் வராது. ஃபயர்வயரில் நடப்பது பிரதி எடுப்பது, நாடாவில் உள்ள அதே தரவு அப்படியே வரும்.

சிலிக்கன்சுப்பு:

லேப்டாப் பற்றி. பக்கத்தில் நான்கு முனை 1394 போர்ட் உள்ள பழைய லேப்டாப்போ எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் (ஃபயர்வயர் கார்டைச் செருகும் இடம்) உள்ளதோ கிடைத்தால் அதுவே போதும். லினக்ஸ் போட்டு டிவிகிராப் என்ற பதிவு மென்பொருளை ஓட்டுங்கள். ஆட்டோஸ்ப்ளிட், டைம்ஸ்டாம்ப் என்ற இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால் ஷாட் ஷாட்டாக, எடுத்த தேதியைப் பெயராக்கிக் கோப்புகள் விழும்.

மேக் என்றால் சங்கிலி: நான்கு முனை - ஒன்பது முனை கேபிள், தண்டர்போல்ட் - ஃபயர்வயர் அடாப்டர், அதன்மேல் தண்டர்போல்ட் 3 - தண்டர்போல்ட் 2 அடாப்டர். பார்க்க யுஎஸ்பி-சி போல இருக்கிறதே என்று சாதாரண யுஎஸ்பி-சி அடாப்டர் வாங்கினால் காசு தண்டம். மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். 15-இல் இருப்பவர்கள் கேசட் வேலை முடியும்வரை அப்டேட் செய்யாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஹெச்டிவி (மினிடிவி கேசட்டிலேயே ஹெச்டி பதியும் வகை) கேமராவும் இதே கேபிள்தான், ஆனால் மெனுவில் ஐ.லிங்க் கன்வர்ஷனை ஆஃப் செய்யாவிட்டால் ஹெச்டியைச் சுருக்கி டிவியாக அனுப்பும். ஹெச்டிவிக்கு விண்டிவி உதவாது, ஹெச்டிவிஸ்ப்ளிட் வேண்டும். 2006-க்குப் பின் வந்த ஏவிசிஹெச்டி (கோப்பாகவே பதியும் வகை) கேமராக்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. யுஎஸ்பியில் மாட்டி முழு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். அதிலுள்ள எம்டிஎஸ் வீடியோ கோப்புகளை மட்டும் பிய்த்தெடுத்தால், துண்டு துண்டாக இருக்கும் நீளமான காட்சியைச் சேர்க்கும் தகவல் போய்விடும்.

கேசட்டுப்பெட்டி:

கார்டு போட்டாயிற்று, லெகசி டிரைவரில் கேமரா தெரிகிறது. மிக்க நன்றி. இரண்டு சிக்கல்: வெளி ஹார்ட் டிஸ்கில் பதிந்தால் 18, 19 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டாவது, ஒரு கேசட்டில் படம் கிடைமட்டப் பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று உறைந்து நிற்கிறது.

நாடாச்சுருள்:

முதலாவது எளிது. டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. டிவிக்கு அது 19 நிமிடம். உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். முடிந்தால் உள் டிஸ்கிலேயே பதிந்து பிறகு நகர்த்துங்கள். விண்டிவியில் ‘டிராப்டு’ (தவறிய பிரேம்) எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். முன்னோட்டம் திக்கினாலும் அந்த எண் ஏறாதவரை பதிவு சரி.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் முனையில், உள்ள அழுக்கு. பால் (PAL, இந்தியாவில் உள்ள வீடியோ முறை) டிவியில் ஒரு பிரேம் நாடாவில் 12 சாய்வுத் தடங்களாகப் பதிகிறது. ஒவ்வொரு தடமும் திரையில் 48 வரி உயரப் பட்டை ஒன்று. டிரம் என்ற சுழலும் உருளையில் உள்ள இரண்டு ஹெட்டுகள் மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்று அடைத்துக்கொண்டால் ஆறு பட்டை ஓடும், ஆறு பட்டை பழைய படத்திலேயே நிற்கும். கேமராவின் சொந்தத் திரையிலும் அப்படியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கணினியின் மேல் பழியில்லை. உலர் கிளீனிங் கேசட்டை 10 நொடி ஓட்டி நிறுத்திப் பாருங்கள். போகாவிட்டால் மறுபடி 10 நொடி. தொடர்ந்து ஓட்டினால் ஹெட் தேயும். ஸ்பிரிட், பஞ்சு எதுவும் வேண்டாம், அந்த டிரம் அவ்வளவு நுணுக்கம்.

மீதிக் கேசட்டுகளைப் போடுமுன் ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ள தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிட்டு, ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் கிடந்த நாடாவின் இறுக்கம் தளரும். சுத்தம் செய்தும் ஒரு கேசட்டில் மட்டும் பட்டை போகவில்லையென்றால் அது எல்பி (கூடுதல் நேரம் பதிய நாடாவை மெதுவாக ஓட்டும்) வேகத்தில் வேறு கேமராவில் பதிந்ததா என்று விசாரியுங்கள். எல்பி தடங்கள் ஒல்லி, பதிந்த கேமராவிலேயே போட்டால்தான் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்கும்.