கரண்டு வந்தும் ஆஃப்லைன்: ஸ்மார்ட் சுவிட்ச், வைஃபை – டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணம்:
மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தித் திரும்ப விட்ட அன்றைக்குத்தான் இந்தப் புகார் அதிகம். போனில் வீடியோ ஓடும், டிவி ஓடும், ஸ்மார்ட் சுவிட்ச் மட்டும் ஆஃப்லைன். சுவிட்ச் போர்டைக் கழற்றுவதற்கு முன் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் சேனல் எண்ணை, அதாவது வைஃபை எந்த அலைவரிசைத் துண்டில் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால், ரௌட்டர் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அது 12 அல்லது 13-இல் போய் உட்கார்ந்தால் வந்தது வினை. நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்க அமைப்போடு வரும் சாதனங்களோ 11-க்கு மேல் தேடுவதே இல்லை. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை; ஸ்மார்ட் சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4-இல்தான் ஓடும். அந்த 2.4-இல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு வகையையும் பார்த்துவிடுங்கள். ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தால் மலிவான சுவிட்சுகள் சேராது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வையுங்கள்.

தஞ்சாவூர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கரண்டு வந்ததும் சுவிட்ச் சில நொடிகளில் விழித்துவிடும். ஃபைபர் மோடம் (பல வீடுகளில் வைஃபை ரௌட்டரும் இதுவேதான்) முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் நாலைந்து தடவை தேடிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும் சாதனங்கள் உண்டு. மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்று மூன்றும் பொருந்த வேண்டும். 2000 எம்ஏஎச் செல் மூன்று கொண்ட யுபிஎஸ்ஸில் ஏறத்தாழ 22 வாட்-அவர் இருக்கும். வீணாவது போக, 8 வாட் இழுக்கும் மோடம் அதில் இரண்டு மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இது வேண்டும், ஏனென்றால் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் பல மோடங்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று காட்டும் விளக்கு) சிவப்பாக இருந்தால் கோளாறு லைனில் அல்லது ஆபரேட்டர் பக்கம். வீட்டுக்குள் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

மன்னார்குடி:
ஸ்மார்ட் பல்பு விஷயம் தனி. பல கம்பெனி பல்புகளை மூன்று முதல் ஐந்து தடவை அடுத்தடுத்து அணைத்துப் போட்டால் பழைய வைஃபையை விட்டுப் புதிதாகச் சேர்க்கக் காத்திருக்கும் இணைப்பு நிலைக்குப் போய்விடும், தயாரிப்பே அப்படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டு போய்ப் போய் வரும்போது இதுவே தானாக நடக்கிறது. ராத்திரி படபடவென்று சிமிட்டிக்கொண்டே இருக்கும் பல்பு பழுதான பல்பு இல்லை. பதறிப்போய் ஆப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள், போட்டு வைத்த டைமர் எல்லாம் போய்விடும். சில வகைகள் சில நிமிடம் சும்மா விட்டால் பழைய வைஃபைக்கே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மட்டும் மறுபடி இணையுங்கள். நிரந்தரத் தீர்வு, அந்தப் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுவதுதான்.

மறுபடி இணைக்கும்போது போனில் விபிஎன்னை அணைத்து, லொகேஷன் அனுமதி கொடுத்து, 2.4 நெட்வொர்க்கில் நின்று செய்யுங்கள். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்து சேரவில்லை என்றால் 5-ஐச் சற்று நேரம் நிறுத்திவிட்டுச் செய்யலாம். பல்பே தற்காலிகமாக ஒரு வைஃபையை உண்டாக்கி, மெதுவாகச் சிமிட்டும் ஏபி முறையில் மொபைல் டேட்டாவையும் அணைக்க வேண்டும். பல்பின் வைஃபையில் இன்டர்நெட் இல்லையென்று போன் நடுவிலேயே விலகிப் போய்விடும்.

திருவையாறு:
பழைய ஓட்டு வீடுகளில் சுவரே ஒன்றரை அடி, இரண்டு அடி. ஃபைபர் வாசலில் வருவதால் மோடத்தை ரேழியிலேயே மாட்டிவிடுகிறார்கள். கூடம், இரண்டாம் கட்டு தாண்டிக் கொல்லை சுவிட்சுக்கு சிக்னல் எப்படிப் போகும்? சுவிட்ச் இருக்கும் இடத்தில் போனை வைத்து அளந்து பாருங்கள். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு. மைனஸ் 67 டிபிஎம் நல்லது, மைனஸ் 75-க்குக் கீழே போனால் அடிக்கடி அறுபடும். மோடத்தை முற்றத்தைப் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினால் திறந்த வெளி வழியே பின்கட்டு வரை போகும். பக்கத்தில் இரும்பு பீரோ கூடாது. அதுவும் போதாவிட்டால் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) வையுங்கள். ரிப்பீட்டர் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பலவீனமான சிக்னலை வாங்கிப் பாதி வேகத்தில்தான் கொடுக்கும்.

பட்டுக்கோட்டை:
தோப்பு மோட்டார் ஷெட்டுக்கு மேற்சொன்ன எதுவும் போதாது. தகரக் கூரை, அதற்குள் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டி, அதற்குள் வைஃபை ரிலே (போனிலிருந்து இயக்கும் சுவிட்ச்) என்றால் சிக்னல் செத்துப்போகும். ரிலேயைத் தனி பிளாஸ்டிக் பெட்டியில் ஷெட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். மோட்டார் லோடை ரிலே வழியாக விடவே கூடாது; அதன் வேலை ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலோடு சரி. ஆன் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, ஆஃப் பட்டனோடு தொடராக ஒரு ரிலே. காயில் 415 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்து, அதைத் தாங்கும் ரிலேயாக எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் லேன் கேபிள் எடுபடாது. இரண்டு வெளிப்புற ஆன்டெனாக்களை நேருக்கு நேர் பார்க்க வைக்க வேண்டும். நடுவே தென்னை மட்டை மறைத்தால் 5 கிகாஹெர்ட்ஸ் படுத்துவிடும், 2.4 ஓரளவு தாங்கும். மழையில் மட்டை நனைந்தபின் ஒரு தடவை அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

நாகப்பட்டினம்:
கடலோரத்தில் இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். வெளிக் கேமராவின் இணைப்பு வாரத்துக்கு இரண்டு நாள் அறுந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏறியிருந்தால் உப்புக் காற்றின் வேலை. அதைச் சுரண்டிவிட்டுத் திரும்பச் சொருகினால் கொஞ்ச நாள்தான் தாங்கும். முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் அடித்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரம் தடுக்கும் கிரீஸ்) தடவி, தன்னொட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.