பொருள்: ஓட்டக்காரர் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை – தமிழில் என்ன?

தெகிவளையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடுபவர்கள் தண்ணீர்ப் பையைத் தெரிவுசெய்வது பற்றி மும்மொழியிலும் ஒரு கைநூல் வருகிறது. தமிழ் என் தலையில் விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்து hydration pack என்பதை 'ஐதரேசன் பாக்' என்று எழுதிப் பார்த்தேன். இங்கே இரசாயனம் படித்தவர் எவரும் ஐதரசன் வாயு அடைத்த பை என்றுதான் நினைப்பார். 'நீர்ப்பை' போதுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தம்பி, நீர்ப்பை என்றதும் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. முன்னால் ஒரு 'சிறு' சேர்ந்தால் முடிந்தது கதை. 'நீரேற்றுப் பை' பக்கமும் போகாதீர்கள், அது தண்ணீர் இறைக்கும் நிலையம். நம்மிடம் துருத்தி இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல்? தோலால் செய்த தண்ணீர்ப் பைக்குத் துருத்தி என்றே பெயர். கொல்லன் உலையில் காற்று ஊதுவதும் நீர்விளையாட்டில் பீய்ச்சுவதும் துருத்திதான். ஆற்றிடைக்குறையும் துருத்தி, குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி. நாக்கைத் துருத்துவது, வயிறு துருத்திக்கொண்டு நிற்பது எல்லாம் இதே வேர் என்பது என் கட்சி. ஆற்று நடுவே துருத்தி நிற்கும் மேடு, முதுகில் துருத்தி நிற்கும் பை. வேறென்ன வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து:
சேர், உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததில் பிழையில்லை. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சஸில் 100 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்றில், அவசர மருத்துவப் பணியாளர் ஒருவர் சேலைன் பையில் தண்ணீர் நிரப்பி, நீளக் காலுறைக்குள் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார். 'கமல்பாக்' என்ற தண்ணீர்ப் பை நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான்.

ஆனால் சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை. பொருள் மூன்று. உடம்போடு ஒட்டி அணியும் சட்டை ஒன்று. அதன் முதுகுப் பக்கத்தில் செருகும், குழாய் வைத்த ஒன்றரை அல்லது இரண்டு லீற்றர் பை இன்னொன்று. நெஞ்சுப் பக்கத்துப் பொக்கற்றுகளில் வைக்கும் 500 மில்லிலீற்றர் மெத்தென்ற போத்தல்கள் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசிப்பவர் எதை வாங்குவார்?

முதுகுப் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஓடும்போது தெரியாது. உள்ளே காற்று நின்றால் தளும்பிக்கொண்டே வரும். மூடியபின் தலைகீழாகப் பிடித்துக் குழாயால் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் கழுவிக் காயவிடாமல் வைத்தால் குழாய்க்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மெத்தென்ற போத்தல் குடிக்கக் குடிக்கச் சுருங்கும், தளும்பாது, நிரப்புவதும் சுலபம். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றும் யூடிஎம்பி நெடுந்தூர ஓட்டத்திலேயே கட்டாயம் குறைந்தது 1 லீற்றர்தான்; இரண்டு போத்தலில் அது வந்துவிடும். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ, முதுகுக்குத் தெரியும். நம் மலையகத்துப் பீக்கோ நடைபாதை போலத் தோட்டங்களும் கடைகளும் வழியில் வரும் இடத்துக்கு இரண்டு லீற்றர் சுமப்பது வீண். அளவை உயரத்தை வைத்து எடுக்கக் கூடாது, மார்புச் சுற்றளவை வைத்து எடுக்க வேண்டும். கடையிலேயே தண்ணீர் நிரப்பி மாட்டிக் குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் துருத்தி தாங்குமா?

பம்பலப்பிட்டியிலிருந்து:
சட்டை என்றால் 'மெய்ப்பை' இருக்கிறதே. முல்லைப்பாட்டில் யவனர் "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து" வருகிறார்கள். சட்டைக்குள்ளேயே 'பை'யும் இருக்கிறது பாருங்கள். 'நீர்மெய்ப்பை' என்று வைத்தால் என்ன?

மட்டக்குளியிலிருந்து:
மெய்ப்பையைப் பிரேதம் கொண்டுபோகும் பை என்றுதான் எடுப்பார்கள். ஓட வருகிறவர்களை அதே வரியில் வரும் 'வெருவரும் தோற்றத்தோடு' அனுப்பிவிடாதீர்கள். அப்புறம், குழாய் நுனியில் கடித்து உறிஞ்சும் வாய்க்கு 'கடிவாய்' என்று எவரும் கிளம்ப வேண்டாம். அது பாம்பு கடித்த இடம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
கரகம் என்ற தண்ணீர்க் கலத்தையும் யோசிக்கலாம். "நூலே கரகம் முக்கோல் மணையே" என்று தொல்காப்பியம் மரபியலில்...

தெகிவளையிலிருந்து:
சேர், மன்னிக்க வேண்டும், அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். சட்டை 'நீர்ச்சட்டை', பின்னால் செருகுவது 'தண்ணீர்ப் பை', முன்னால் வைப்பது 'மென்போத்தல்', உறிஞ்சும் இடம் 'கடிமுனை'. பெரும்பாலானோர் தனிமடலில் சரி என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் 'எதையாவது போட்டு முடியுங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
போத்தல் தமிழா? குடுவை என்ன குற்றம் செய்தது? என் மறுப்பைப் பதிவுசெய்க. துருத்தியை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
போத்தல் இருக்கட்டும் சேர், கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எனக்கு உறுத்துவது நீர்ச்சட்டை. மழைக்கோட் என்றே எடுப்பார்கள். அதே கைநூலில் மழைக்கோட் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறதே, அதற்கு என்ன போட்டீர்கள்?