மகன் சாப்பர்ஸில் சேரணும்கிறான்

கேள்வி (காரைக்குடி): சாப்பர்ஸ்னா ராணுவத்துல இன்ஜினியர் படை, பாலம் கட்டுற வேலைதானே, ஆபத்து இருக்காதுன்னு ஆச்சி சொல்றாங்க. நெசமாண்ணே?

பதில் (தேவகோட்டை, முன்னாள் சாப்பர்): ஆச்சிகிட்ட இதைச் சொல்லாதீங்க தம்பி. எதிரி சுட்டா மத்தவன் திருப்பிச் சுடுவான். கண்ணிவெடி எடுக்குற நமக்கு ரெண்டு கையும் மண்ணுல. கம்பியைச் சாய்ச்சுத்தான் குத்தித் தேடணும். நேரா குத்தி அழுத்தினா கண்ணிவெடி மண்டையில பட்டு வெடிச்சிரும். 1948 ஏப்ரல்ல, காஷ்மீர் சண்டையில, நௌஷேரா–ரஜௌரி பாதையில கண்ணிவெடி எடுக்கப் போனப்ப மோர்ட்டார் குண்டு விழுந்து சாப்பர் ஆபீசர் ராமா ராகோபா ராணேவுக்குக் காயம், கூட இருந்த ரெண்டு பேர் செத்துப் போயிட்டாங்க. மனுசன் நிக்கலை. டாங்கிக்கு அடியில ஊர்ந்துக்கிட்டே, கயித்தை இழுத்து டிரைவருக்கு நில்லு, போன்னு காட்டினார். பரம்வீர் சக்ரா சும்மாவா குடுத்தாங்க?

பதில் (பள்ளத்தூர்): ராணே பம்பாய் சாப்பர்ஸ் பிரிவு. 1971 பாகிஸ்தான் போர்ல, பசந்தர் ஆத்துச் சண்டையில டாங்கிக்குக் கண்ணிவெடி எடுத்து வழி விட்டது நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்!

கேள்வி கேட்டவர்: அண்ணே, பய இதைப் படிச்சிட்டு இன்னும் துள்ளுறான்.