செயற்கைக் கருவிழி பொருத்திக்கொண்டவர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் வலது கண்ணில் இரண்டு முறை செய்த கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும் தோல்வியுற்றதால், பாஸ்டன் வகைச் செயற்கைக் கருவிழியை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். பிஎம்எம்ஏ என்னும் அக்ரிலிக்கால் ஆன, நடுவில் ஒளிபுகும் தண்டு கொண்ட முன்தட்டுக்கும், டைட்டானியத்தாலோ அதே அக்ரிலிக்காலோ ஆன பின்தட்டுக்கும் இடையே தானமாகப் பெற்ற கருவிழித் திசுவை வைத்து இறுக்கி, அந்த அமைப்பைக் கண்ணில் தைத்துவிடுவார்கள் என்று விளக்கினார். 1949இல் ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, கண்ணுக்குள் பொருத்தும் முதல் உள்விழி லென்ஸைச் செய்ததும் இதே பொருளில்தான் என்பதால், பொருளைப் பற்றி எனக்கு அச்சமில்லை.

என் கவலையெல்லாம் பிந்தைய பராமரிப்பைப் பற்றியது. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை ஆயுள் முழுவதும் விட வேண்டும். கண்ணின் மேல் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் எப்போதும் இருக்க வேண்டும். தாயாருக்கு ஏற்கெனவே கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உண்டு. பொருத்திய பின் வழக்கமான கருவிகளால் கண் அழுத்தத்தைச் சரியாக அளக்க இயலாது, பெரும்பாலும் இமைமேல் விரலால் அழுத்தித்தான் கணிப்பார்கள் என்று அறிந்தபோது திகைத்துப்போனேன்.

இச்சிகிச்சையைச் செய்துகொண்டவர்களோ அவர்களைப் பராமரிப்பவர்களோ இங்கு இருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் வடிகுழாயை முன்னரே வைத்தார்களா, செயற்கைக் கருவிழி பொருத்தும்போதே சேர்த்து வைத்தார்களா, கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், தண்டின் பின்புறம் சவ்வு வளர்ந்து லேசர் தேவைப்பட்டதா என்பவற்றைத் தயவுசெய்து பகிர வேண்டுகிறேன்.