விளாச்சேரி பொம்மைக் குழுவுக்கு மாதத் தவணைக் கடன் சரிவருமா?

திருநகர்வாசி:
எம்.ஏ. பொருளியல் முடித்து, சிறுதொழில் ஆலோசனை வேலையில் சேர்ந்திருக்கிறேன். மதுரை அருகே விளாச்சேரியில் பொம்மை செய்யும் 12 பெண்கள் கொண்ட சுய உதவிக் குழு. ஒரு நுண்கடன் நிறுவனம் ஆளுக்கு 50,000 ரூபாய், 12 சதவீத ஃபிளாட் வட்டி, 12 மாதத் தவணை என்கிறது. வாங்கச் சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை:
வட்டி 6,000, தவணை 4,667. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 50,000-க்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக் கணக்கில் இது ஏறக்குறைய 21.5 சதவீதம். காப்பீட்டுப் பிடித்தம், செயலாக்கக் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தவணைத் தேதி. கொலு பொம்மைக் காசு ஆவணி, புரட்டாசியில்தான் கைக்கு வரும். பிறகு கிறிஸ்துமஸ் குடில் பொம்மை. அதற்கு முந்தைய மாதங்களில் மண், காகிதக் கூழ், பெயிண்ட் என்று செலவுதான். பங்குனியில் 4,667-க்கு எங்கே போவார்கள்? வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அவர் வைத்ததுதான் விலை. இல்லையென்றால் கந்துவட்டி.

வீட்டுக்கு வீடு 12 மாத வரவு செலவு எழுதுங்கள். "வருஷ வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். "போன கொலுவுக்கு எத்தனை செட் போச்சு, செட் என்ன விலை, சூளையில் உடைஞ்சது எத்தனை" என்று கேளுங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
ஊராட்சிப் பகுதியில் உள்ள குழு என்றால் வங்கியில் சிசி லிமிட் (கேஷ் கிரெடிட்: வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்து, காசு வரும்போது கட்டும் கடன்) கேளுங்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் தகுதியுள்ள குழுவுக்கு 3 ஆண்டுக்குக் குறைந்தது 6 லட்சம். முதலாண்டு குழு நிதியைப் போல 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், எது அதிகமோ அதுவரை எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி. மாசியில் எடுத்துப் புரட்டாசியில் அடைக்கலாம். ஆனால் வட்டி அளவுக்காவது மாதாமாதம் வரவு விழ வேண்டும். 90 நாள் வரவே இல்லையென்றால் வாராக் கடனாகிவிடும்.

6 மாதமாவது கூட்டம், சேமிப்பு, உள்கடன் (உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் கடன்), திருப்பிக் கட்டுதல், கணக்கு ஐந்தும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே உட்காரலில் ஒரே பேனாவில் எழுதிய தீர்மானப் புத்தகத்தை மேலாளர் புரட்டியதுமே கண்டுபிடித்துவிடுவார். அனுமதிக் கடிதத்தில் சிசி லிமிட்டுக்குப் பதில் டேர்ம் லோன் (தவணைக் கடன்) என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.

திருநகர்வாசி:
நாலு பேருக்கு ஏற்கனவே வேறு கடன் இருக்கிறது சார்.

கணக்குப்பிள்ளை:
ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வருஷம் 1,80,000 என்றால் வரம்பு 7,500. ஏற்கனவே 3,500 கட்டுகிறவருக்கு இந்த 4,667 சேர்ந்தால் 8,167. நிறுவனமே கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த கடனையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் கட்டத் தவறினால் வசூலுக்கு வருவது இவர் வாசலுக்குத்தான்.