மழைக்காலத்தில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஃபவுண்டேஷன்: உதவுங்கள் தோழிகளே

வணக்கம். எனக்கு ஊர் தக்கலை. நல்ல கறுப்பு நிறம், மஞ்சள் சாயல் உண்டு. ஆவணியில் தங்கைக்குத் திருமணம்.

சித்திரை வெயிலில் ஸ்கூட்டரில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வந்ததில் முகம் கழுத்தைவிடக் கறுத்திருந்தது. அப்போது வாங்கிய ஃபவுண்டேஷன் முகப்பூச்சு, தென்மேற்குப் பருவமழை தொடங்கி வெயில் தணிந்தபின் பொருந்தவில்லை. கன்னம் மட்டும் தனியாகக் கறுத்துத் தெரிகிறது. கடையில் கேட்டால் வெளிர் நிறத்தையே எடுத்து நீட்டுகிறார்கள். பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. எனக்கு வெளுப்பாகத் தெரிய வேண்டாம். என் நிறம் என் நிறமாகவே பொலிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெண்படலம் விடும் என்பதால், இரும்பு ஆக்சைடு நிறமி கலந்ததற்கு மாறிவிட்டேன். அது நன்றாகவே இருக்கிறது.

இரண்டு நிறங்களை வாங்கிப் பருவத்துக்கேற்பக் கலந்து பூசுபவர்கள் இருக்கிறீர்களா? எந்த அளவில் கலக்கிறீர்கள்? ஒன்று நீர் சார்ந்தது, மற்றது சிலிகான் சார்ந்தது என்றால் முகத்தில் திரிந்துவிடுகிறதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மண்டபப் புழுக்கத்தில் மாலைவரை நிற்பது எது?

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் தாடையில் பூசி, வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க விடும் கடை இருந்தால் சொல்லுங்கள். பிராண்டுடன் நிற எண்ணையும் தயவுசெய்து எழுதுங்கள்.