ஸ்பிரே அடிக்க அடிக்கப் பெருகும் மஞ்சள் எறும்பு

கேள்வி: சமையல் மேடையில் 2 மி.மீ.கூட இல்லாத வெளிர்மஞ்சள் எறும்பு, வயிற்று நுனி மட்டும் கறுப்பு. ஸ்பிரே அடித்த மறுவாரமே குளியலறையிலும் சுவிட்ச் போர்டிலும் புதுச் சாரை. கூடு எங்கே என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: நீங்கள் சொல்கிற நிறத்தையும் அளவையும் பார்த்தால் பாரோ எறும்பு. சரக்கோடு சரக்காக உலகம் முழுக்கப் பரவிய இனம். முதலில் ஸ்பிரேயை ஓரம் வையுங்கள், பெருகியதே அதனால்தான். ஒரே கூட்டில் பல ராணிகள். ஆபத்து என்றால் வேலைக்கார எறும்புகள் முட்டையையும் புழுக்களையும் கவ்விக்கொண்டு பிரிந்துபோய் வேறு வெடிப்பில் குடியேறிவிடும். ஒரு கூடு நாலாகும்.

விஷத்தீனிதான் வழி. 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் அமிலம் போட்டு முழுக்கக் கரையுங்கள். (100 மி.லி.க்கு 1 கிராம் போதும்தான், ஆனால் சமையலறைத் தராசில் 1 கிராம் சரியாக நிற்காது.) பஞ்சில் நனைத்து, சாரையை ஒட்டினாற்போல் வையுங்கள். வீரியம் கூட்டினால் சீக்கிரம் ஒழியும் என்று நினைத்துத்தான் பலர் கெடுக்கிறார்கள். தின்ற எறும்பு கூட்டுக்குப் போய் ராணிக்கு ஊட்டும்வரை உயிரோடு இருக்க வேண்டும்.

பதில் 2: முதல் இரண்டு நாள் கூட்டம் மொய்க்கும். துடைக்காதீர்கள், சோப்பு போட்டால் வழிவாசனை போய்விடும். சர்க்கரையைச் சீண்டவே இல்லையென்றால் அட்டையில் ஒரு துளி தேனும் ஒரு துளி நிலக்கடலை வெண்ணெயும் வைத்துப் பாருங்கள். வெண்ணெய்ப் பக்கம் போனால் அவற்றுக்கு இப்போது புரதமும் கொழுப்பும்தான் தேவை. மெத்தோப்ரீன் என்ற பூச்சிமருந்து கலந்த, புரதம் சேர்ந்த தீனி வாங்குங்கள். அது ராணியை மலடாக்கும், அதனால் மெதுவாகத்தான் தெரியும்.

கேட்டவர்: தவழும் குழந்தை இருக்கிறது. எத்தனை நாள் வைக்க வேண்டும்?

பதில் 1: மூடி இறுகிய சின்ன டப்பாவில் 2 மி.மீ. துளைகள் போட்டு, பஞ்சை உள்ளே வைத்து, டப்பாவை அலமாரிக்குப் பின்னால் டேப்பால் ஒட்டுங்கள். மீதிக் கரைசல் பாட்டிலில் 'விஷம்' என்று எழுதிப் பூட்டி வையுங்கள். சுவிட்ச் போர்டுக்குள் ஈரப் பஞ்சு வேண்டவே வேண்டாம். சர்க்கரைநீர் புளிக்கும், இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள். முட்டை எறும்பாக ஐந்தாறு வாரம் ஆவதால், சாரை நின்ற பிறகும் அதுவரை டப்பாவை எடுக்காதீர்கள்.